மினிபைக் பெல்ட் கிறீச்சிடுகிறது: எந்த எண்ணெய் போடலாம்?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளும் ஊரும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

மலேசியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பெரிய வீடு. ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு. தோப்புக்குள் தேங்காய் மூட்டை இழுக்க ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் மினிபைக் ஒன்றைக் கட்டியிருக்கிறார். 196 சிசி பம்புசெட் பெட்ரோல் இன்ஜின், பட்டறையில் வெல்டிங் வைத்த சட்டம், இணையத்தில் வாங்கிய 30 சீரிஸ் பெல்ட் டார்க் கன்வெர்ட்டர் (இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டுமாக, கியர் மாற்றும் வேலையைத் தானே செய்யும் அமைப்பு). முதல் ஆண்டு நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது.

"ஊஞ்சல் சங்கிலிக்கும், முகப்புக் கதவின் குடுமிக்கும், கிணற்று ராட்டினத்துக்கும் எண்ணெய் போட்டு வளர்ந்தவன் நான். ஓடுகிற சாமான் கத்தினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம் என்பார் எங்கள் அப்பச்சி" என்று எழுதுகிறார். எனவே முதலில் டபிள்யூடி-40 அடித்தார். இரண்டு நாள் சத்தம் நின்று மறுபடி வந்தது. அடுத்து புல்லியைக் கழற்றி உள்ளே கிரீஸ் வைத்தார். டார்க் கன்வெர்ட்டருக்கு ஏடிஎஃப் எண்ணெய்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) போட வேண்டும் என்று மகன் இணையத்தில் படித்துச் சொல்ல, அதையும் பஞ்சில் நனைத்துப் பூசினார். ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட் போய்விட்டது. முதல் பெல்ட்டில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. இரண்டாவது பெல்ட்டை அரிசி மில் சாமான் விற்கும் கடையில் அளவு பார்த்து வாங்கினார். அது மூன்றே வாரத்தில் ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளத்து நூல் பிரிந்தது. இப்போது ஆக்சிலேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

கேட்பவை மூன்று. எந்த எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒரு முறை? இந்தத் தொல்லையே வேண்டாமென்று சாதாரண சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (இன்ஜின் வேகம் கூடினால் தானே கவ்வும் கிளட்ச்) போட்டுவிடலாமா? 15 வயது மகன் வீட்டிலிருந்து தோப்பு வரை ஒன்றரை கிலோமீட்டர் தார் ரோட்டில் வண்டியை ஓட்டிப்போகிறான். சின்ன வண்டிதானே, லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் அல்லவா? மாசியில் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் ஊருக்கு வருகிறார்கள், அதற்குள் வண்டி சரியாக வேண்டும் என்று முடிக்கிறார்.

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பெல்ட்டுக்கும், பெல்ட் உரசி ஓடும் புல்லி முகங்களுக்கும் எந்த எண்ணெயும் வேண்டாம். ஒரு சொட்டுக்கூட வேண்டாம். உங்கள் இரண்டு பெல்ட்டும் போனதில் நீங்கள் போட்ட எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. இதற்காக மனம் வருந்தாதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கியர் இல்லாத ஸ்கூட்டர்களைப் பிரித்துப் பூட்டிவரும் என் பட்டறைக்கு, இதே நல்லெண்ணத்தோடு வேரியேட்டரில் (ஸ்கூட்டரின் பெல்ட் புல்லியில்) கிரீஸ் அப்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. உங்கள் மினிபைக்கில் இருப்பதும் ஸ்கூட்டரில் இருக்கும் பெல்ட் அமைப்பின் சொந்தக்காரன்தான்.

உங்கள் அப்பச்சி சொன்னது தப்பில்லை. அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் பிசகிவிட்டது. கிணற்று ராட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கத்தினால் அச்சில் எண்ணெய் விடுவீர்கள். கயிறு ஓடும் பள்ளத்தில் விடுவீர்களா? விட்டால் கயிறு கையில் வழுக்கி வாளி கிணற்றுக்குள் போய்விடும். மினிபைக்கிலும் அச்சு உண்டு, கயிறும் உண்டு. பெல்ட்தான் கயிறு. இன்ஜினின் சக்தி முழுவதும் அந்த ரப்பரின் இரண்டு பக்கவாட்டுப் பிடிப்பு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பிடிப்பு போனால் சக்தி சூடாக மாறி ரப்பரை எரிக்கிறது.

பெயரால் வந்த குழப்பம்

உங்கள் மகன் படித்தது பொய்யல்ல. அது வேறொரு சாதனத்தைப் பற்றியது. ஆட்டோமேட்டிக் கார்களில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் நிரம்பிய மூடிய கூடு. உள்ளே இன்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றி வீச, அந்த எண்ணெயின் வேகம் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பும். 1905-ல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை வாங்கிய வழி அது. அங்கே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் அது வெறும் கூடு.

உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும். அமெரிக்காவில் கோமெட் என்ற நிறுவனம் 'டார்க்-ஏ-வெர்ட்டர்' என்ற வியாபாரப் பெயரில் இதை விற்றது. டிஏவி2 என்று பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள், அதன் விரிவு இதுதான். கோ-கார்ட், மினிபைக் கட்டுகிறவர்கள் பேச்சுவழக்கில் டார்க் கன்வெர்ட்டர் என்றே சொல்ல, அந்தப் பெயர் நின்றுவிட்டது. பெயர் ஒன்று, வேலை செய்யும் முறை வேறு. ஏடிஎஃப் பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு என்னதான் ஆயிற்று

இன்ஜின் அச்சில் இருக்கும் புல்லியை டிரைவர் என்பார்கள். அதில் ஒரு முகம் நிலையாக நிற்கும், இன்னொரு முகம் அச்சின்மேல் முன்னும் பின்னும் நகரும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது இரண்டு முகங்களும் விலகியிருக்கும். பெல்ட் நடுவே உள்ள வெண்கல புஷ்ஷின் (அச்சைச் சுற்றியிருக்கும் குழாய்போன்ற பாகம்) மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வேகம் 1,800 முதல் 2,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரும்போது உள்ளிருக்கும் எடைகள் வெளியே விரிந்து, நகரும் முகத்தைத் தள்ளிப் பெல்ட்டைக் கவ்வும். வேகம் கூடக் கூடப் பெல்ட் மேலே ஏறும். பின்னால் இருக்கும் டிரிவன் புல்லியில் இதற்கு நேர்மாறாகப் பெல்ட் உள்ளே இறங்கும். கிளம்பும்போது 2.7-க்கு 1 என்றிருக்கும் விகிதம் (இன்ஜின் 2.7 சுற்று சுற்றினால் பின் புல்லி ஒரு சுற்று), முழு வேகத்தில் 0.9-க்கு 1 வரை வரும். கையால் கியர் மாற்றாமலே கியர் மாறுகிறது.

இதில் டிரைவரின் நகரும் முகம் தடையில்லாமல் திரும்பி வர வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. நீங்கள் உள்ளே வைத்த கிரீஸ், நம் பக்கத்துச் செம்மண் புழுதியோடும் பெல்ட் தேய்ந்த கரித்தூளோடும் சேர்ந்து பிசின்போல ஆகியிருக்கும். அந்தப் பிசினில் நகரும் முகம் பாதி மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஐடிலிங்கில்கூடப் பெல்ட் விடுபடாமல் வண்டி நகரப் பார்க்கிறது. நீங்கள் பிரேக்கைப் பிடிக்கிறீர்கள். புல்லி சுற்றுகிறது, பெல்ட் நிற்கிறது. உரசல், சூடு, கிறீச். சத்தம் கேட்டு மறுபடி எண்ணெய். எண்ணெய் பட்டதும் சத்தம் அடங்கும், ஏனென்றால் பிடிப்பே இல்லை. நாலு சுமை ஏற்றியதும் பெல்ட் வழுக்கும், இன்னும் சூடாகும். மருந்தே நோயை வளர்க்கும் சுற்று இது.

முதல் பெல்ட்டில் ஒரே இடத்தில் குழி விழுந்தது என்று எழுதியிருந்தீர்களே, நல்ல வேளையாகக் கவனித்துச் சொன்னீர்கள். அது வண்டி ஓடியதால் வருவதல்ல, நின்றதால் வருவது. மணலில் சக்கரம் புதைந்தோ, மரத்தில் முட்டியோ நிற்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தால், நின்றிருக்கும் பெல்ட்டின் ஒரே துண்டைப் புல்லி தொடர்ந்து அரைக்கும். சில நொடிகள் போதும். அதன் பிறகு அந்த இடம் புல்லிக்குள் வரும்போதெல்லாம் 'தட் தட்' என்று உதைக்கும். மூட்டையோடு மணலில் சிக்கியபோது இப்படி நடந்ததா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். திட்டுவதற்காகக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது பெல்ட்டின் கதை வேறு. மில்லுக்கும் மோட்டாருக்கும் போடும் ஏ செக்‌ஷன் வி-பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி செக்‌ஷன் 17 மில்லிமீட்டர். இரண்டுமே இரு பக்கமும் ஒரே சாய்வு கொண்டவை. 30 சீரிஸுக்கு வருகிற பெல்ட் ஏறத்தாழ முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். அதன் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் மட்டும் சாய்வு. சுற்றளவு பொருந்தினாலும் மில் பெல்ட்டின் ஒரு பக்கம் விளிம்பில் மட்டும்தான் தொடும். அந்த விளிம்பைத்தான் நீங்கள் பளபளப்பாகப் பார்த்தீர்கள். கடைக்காரர் மேல் தவறில்லை. அவரிடம் கேட்ட அளவை அவர் கொடுத்தார்.

இனி செய்ய வேண்டிய வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். முதல் வேலை ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது. இன்ஜின் ஓடும்போதோ, தற்செயலாகக் கிளம்பும் நிலையிலோ பெல்ட் பக்கம் விரல் போகவே கூடாது. டிரிவன் புல்லிக்குள் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. கவனமில்லாமல் பிரித்தால் கையை அறைந்துவிடும். ஒவ்வொரு வாஷரையும் கழற்றும் வரிசையில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு வாஷர் இடம் மாறினால் புல்லிகளின் நேர்கோடு போய்விடும்.

எண்ணெய் குடித்த பெல்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள். புல்லி முகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்த துணியால், துணியில் கறை வராத வரை துடையுங்கள். பெட்ரோலால் துடைத்தால் மெல்லிய பிசுக்கு நின்றுவிடும். பிடிவாதமான கரிக்கு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்தால் போதும்; உப்புத்தாள் கொண்டு கோடு போட வேண்டாம். எடைகள், அவை ஏறி இறங்கும் சரிவு, நகரும் முகம் வழுக்கும் அச்சு எல்லாவற்றிலிருந்தும் பழைய கிரீஸ் முழுக்கப் போக வேண்டும். தூளை வாயால் ஊத வேண்டாம், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரைவரின் நடுவில் இருக்கும் வெண்கல புஷ் சாதாரண வெண்கலம் அல்ல. பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்ணிய துளைகளுக்குள் எண்ணெய் ஊறவைத்தே தருகிறார்கள். அதை மட்டும் பிரேக் கிளீனரிலோ தின்னரிலோ ஊறப்போட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் எண்ணெய் கரைந்து வெளியேறினால் புஷ் வறண்டு அச்சைக் கவ்விக்கொள்ளும். துணியால் துடைத்தால் போதும். ஏற்கெனவே வறண்டிருந்தால், எஸ்ஏஇ 30 எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, புஷ்ஷை அதில் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. மறுநாள் எடுத்து வெளிப்புறம் சொட்டாதபடி நன்றாகத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். கையில் பிடித்து ஆட்டினால் அச்சின் மேல் தளர்ந்து ஆடுகிற புஷ்ஷுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, புதிதாக மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் கேட்கும் இடங்கள்

மனசு கேட்காமல் எங்கேயாவது எண்ணெய் போட்டே ஆக வேண்டும் என்று தோன்றும். போட வேண்டிய இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன.

நகரும் முகம் வழுக்கும் அச்சுக்கும், டிரிவன் புல்லியின் சரிவில் உரசும் நைலான் பொத்தான்களுக்கும் உலர்ந்த மசகு போடலாம். கிராஃபைட் பொடியோ, அடித்ததும் காய்ந்துவிடும் டெஃப்லான் ஸ்பிரேயோ போதும். இவை ஈரமாக நிற்பதில்லை. புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்வதும் இல்லை. ஆனால் இதுவும் மசகுதான். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லி முகங்களில் படாமல் போட்டு, காய்ந்த பிறகு முகங்களை இன்னொரு முறை துடைத்துவிட வேண்டும். டபிள்யூடி-40 இந்த வேலைக்கு ஆகாது. ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்த நட்டை இளக்கவும் அது நல்ல சாமான். ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் செம்மண்ணை இழுத்து ஒட்டவைக்கும்.

இன்ஜின் அச்சின் மேல் டிரைவரை ஏற்றும் முன், ஆன்டி-சீஸ் பசையை (உலோகங்கள் ஒன்றோடொன்று இறுகிப்போகாமல் காக்கும் பசை) விரல்நுனியில் தொட்டு மெல்லப் பூசி, மிச்சத்தை வழித்துவிடுங்கள். அடுத்த முறை புல்லியைச் சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டியிருக்காது.

பின்சக்கரத்துக்குப் போகும் செயினுக்கு எண்ணெய் தாராளமாகத் தேவை. அதில்தான் உங்கள் வண்டி காய்ந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன், எண்ணெய் எல்லாம் பெல்ட்டுக்குப் போய்விட்டதே. செயின் ஸ்பிரே அடியுங்கள், அல்லது 90 கியர் ஆயிலைத் தூரிகையால் உட்புறத்தில் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். செயின் பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் ஓடுகிறது. தெறிக்கிற எண்ணெய் நேராகப் பெல்ட்டுக்குத்தான் போகும். ஸ்பிரே அடிக்கும்போது புல்லிகளை ஒரு பழைய துணியால் மூடிக்கொள்ளுங்கள். பின் புல்லியின் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் மூடியவையாக இருந்தால் அவற்றில் எதையும் திணிக்க வேண்டாம். சுற்றிப் பார்த்து கரகரத்தால் மாற்றுவது ஒன்றே வழி.

எல்லாவற்றையும் விட, இன்ஜினைக் கவனியுங்கள். உங்கள் கடிதம் முழுவதும் பெல்ட் எண்ணெய் பற்றித்தான், இன்ஜின் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுடையதைப் போன்ற ஹோண்டா ஜிஎக்ஸ்200 வகை இன்ஜினுக்குப் பிடிப்பதே 0.6 லிட்டர்தான். உள்ளே ஆயில் ஃபில்டர் கிடையாது, எண்ணெயை வாரி இறைத்துத்தான் பாகங்களை நனைக்கிறது. முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, அப்புறம் 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை மாற்ற வேண்டும். 10டபிள்யூ-30 போதுமானது. நம் புழுதிக்கு நான் 50 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வேன். ஏர் ஃபில்டரையும் அதே நாளில் பாருங்கள்.

பெல்ட் வாங்கும்போதும் பூட்டும்போதும்

பழைய பெல்ட்டில் எண் அழியாமல் இருந்தால் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை மடக்காமல், வெயில் படாமல் தொங்கவிட்டு வையுங்கள். புது பெல்ட்டின் மேல் தயாரிப்பின்போது ஒட்டிய பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். செங்குத்துப் பக்கம், புல்லியின் தட்டை முகத்தோடு சேர வேண்டும். 30 சீரிஸில் அது இன்ஜின் பக்கம். திருப்பிப் போட்டாலும் ஓடும், அதுதான் ஆபத்து, ஓடிக்கொண்டே தின்னும்.

முதல் 15, 20 கிலோமீட்டர் சுமை ஏற்றாமல், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். பிறகு வெர்னியரால் பெல்ட்டின் மேல் அகலத்தை அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 மில்லிமீட்டர் குறைந்த நாள் பெல்ட்டை மாற்றும் நாள். அளவு பார்க்க வெர்னியர் இல்லாவிட்டால் பட்டறையில் ஒரு நிமிடம் அளந்து தருவார்கள்.

ஐடிலிங்கைச் சரிபார்க்காமல் விட்டால் மற்றது எல்லாம் வீண். இந்த இன்ஜினுக்கு அது 1,400 ஆர்பிஎம்மை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்காலையில் நின்றுவிடுகிறது என்று யாராவது ஸ்குரூவைத் திருகி ஏற்றியிருந்தால், டிரைவர் கவ்வும் எல்லைக்குப் பக்கத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெல்ட் உரசிக்கொண்டிருக்கும். பிசினை எடுத்து, ஐடிலிங்கை இறக்கிய பிறகும் வண்டி நகர்ந்தால், எடைகளை உள்ளே இழுக்கும் வளைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஓட்டும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். ஸ்கூட்டர்போல மெல்ல மெல்லத் திருகி ஊர்வது இந்தச் சாதனத்துக்குச் சுமை. கிளம்பும்போது தயங்காமல் திருகிக் கவ்வவிட்டு, பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மணலில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். ஆக்சிலேட்டரால் தள்ள வேண்டாம்.

பராமரிப்பு நாட்கணக்கு கேட்டிருந்தீர்கள். நாட்கணக்கை விட ஓடிய மணிக்கணக்கு சரியாக வரும். புது பெல்ட்டோடு பத்து மணி நேரம் ஓடியதும் ஒரு முறை திறந்து பாருங்கள். அப்புறம் 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசர் காற்று அடித்து, முகங்களைத் துடைத்து, போல்ட்டுகளை இறுக்கினால் போதும். புல்லிகளைத் தாங்கும் பின்தகட்டின் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். அது தளர்ந்தால் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். தோப்பில் மழைத்தண்ணீரைக் கடந்து வந்தால் பெல்ட் காயும் வரை சுமை வேண்டாம்.

கிளட்சுக்கு மாறலாமா

மாறலாம், ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பேன். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் விலை குறைவு, பாகமும் குறைவு, தட்டைத் தரையில் ஒற்றை ஆள் ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் அதில் ஒரே விகிதம்தான். மூட்டையோடு மணலில் கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் தருகிற அந்த 2.7 மடங்கு அதற்குக் கிடையாது. வழுக்கி வழுக்கிக் கிளம்பி, லைனிங் கருகி, டிரம் நீலம் பாய்ந்துவிடும். நீங்கள் இன்று பெல்ட்டுக்குக் கொடுக்கும் காசைக் கிளட்சுக்குக் கொடுப்பீர்கள். சுமை அதிகம் என்பதால், டிரிவன் புல்லியின் ஸ்பிரிங்கை இப்போது இருக்கும் துளையிலிருந்து இறுக்கம் கூடுகிற அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். குறைந்த கியரில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், மணலில் பெல்ட்டுக்கு நிம்மதி.

கடிதத்தின் ஓரத்தில், வேகம் போதவில்லை என்று மகன் கவர்னரை (இன்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டும் பாகம்) எடுத்துவிடச் சொல்வதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கூடவே கூடாது. பம்புசெட் இன்ஜின் ஏறத்தாழ 3,600 ஆர்பிஎம்முக்குச் செய்தது. அதற்கு மேல் போனால் அலுமினிய கனெக்டிங் ராடும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலும் உடைந்து சிதறலாம். அது இருப்பது ஓட்டுகிறவனின் காலுக்கு நேராக.

மகனும் தார் ரோடும்

இதை எழுதத்தான் எனக்கு அதிகம் யோசனையாக இருந்தது. நான் வக்கீல் இல்லை. வண்டித் தொழிலில் இருப்பவன் தெரிந்துவைத்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 16 வயதில் அனுமதி உண்டு என்று சிலர் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். உங்களுடையது 196 சிசி, மகனுக்கு 15. உருவத்தில் சின்ன வண்டி என்பது இங்கே எடுபடாது. பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் அந்த ரோட்டில் நீங்களே ஓட்டினாலும் குற்றம்தான். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்து தரச் சொல்லி ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டாலும் நடக்காது. அங்கீகாரம் பெற்ற மாடலாக இருக்க வேண்டும்.

2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதையெல்லாம் விட, ரோட்டில் யார் மேலாவது மோதினால் காப்பீடு இல்லாத நிலையில் இழப்பீடு முழுக்க உங்கள் கையிலிருந்து போகும்.

தோப்பு உங்கள் சொந்த வேலிக்குள் இருக்கும் இடம். அங்கே ஓட்டுவது வேறு விஷயம். வீட்டுக்கும் தோப்புக்கும் இடையிலான அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு வண்டியைச் சின்ன லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள், அல்லது தோப்புக் கொட்டகையிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். இரண்டாவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. பெல்ட்டும் நிழலில் இருக்கும். தோப்புக்குள் அவன் ஓட்டும்போதும் ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் விடாதீர்கள். நீங்கள் வேட்டியோடோ கைலியோடோ ஏறாதீர்கள். காற்று போகட்டும் என்று பெல்ட் கவரைக் கழற்றி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே மாட்டுங்கள். வேட்டி நுனியைச் செயின் இழுத்துக்கொள்ள ஒரு சுற்று போதும். சூடு குறையத்தான் வேண்டுமென்றால் கவரில் துளை போட்டுக்கொள்ளலாம், விரல் நுழையாத அளவுக்கு.

படைப்புக்கு ஊர் கூடும்போது வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷைக் கழற்றிப் பார்த்ததும் அது வறண்டிருந்ததா, ஆடியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பிசினை எடுத்துத் துடைத்த பிறகும் வண்டி ஐடிலிங்கில் நகர்ந்தால், டிரைவர் முழுவதையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.